மண்ணு சரியும்போது முதல்ல ஓடுற பிள்ளைக்கு, மார்க் ஷீட்டில் ஒரு வரி வேணும்

(கூடலூரில் நடந்த மாணவர் கலந்துரையாடலில், நம் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். கல்லூரியில் படிக்கிற பிள்ளை உங்க வீட்டில் இருந்தால் முழுசா படிங்க, மத்தவங்களுக்கும் பகிருங்க.)



மேடையில் இருக்கிற மூத்த நிர்வாகிகளுக்கும், இந்த மழையில் ஓவேலியில் இருந்தும் சேரம்பாடியில் இருந்தும் பஸ் மாறி வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம். நான் பேச்சாளர் கிடையாது. மேடைக்குப் பின்னாடி நின்னு லைவ் சரியா ஓடுதான்னு பார்க்கிற ஆள். இன்னைக்கு அண்ணன் திடீர்னு "இந்த விஷயத்தை நீயே பேசிடு"ன்னு மைக்கைக் கையில குடுத்துட்டார். என்ஜினியரிங் படிச்சவன்ங்கிறதால பேச்சுல கணக்கு கொஞ்சம் வரும். பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு கதை. நடந்த கதை.

2019 ஆகஸ்ட் மாசம். நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. என் ரூம்மேட் பந்தலூர் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். அந்த வாரம் நீலகிரியில் என்ன மழைன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டியது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யிற மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல, இங்கே ஒரே நாளில்.

சனி ஞாயிறு வீட்டுக்குப் போன என் நண்பன் திரும்பி வரல. ரோடு இல்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. ஒன்பது நாள் கழிச்சு வந்தான், கால் ரெண்டும் சேத்துப்புண். என்னடா பண்ணேன்னு கேட்டா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டாங்களாம். வயசானவங்களைத் தூக்கிட்டு வந்து சேர்த்தது, விழுந்த மரத்தை வெட்டி வழி எடுத்தது, சக்கரை மாத்திரை தீர்ந்துபோனவங்க பேரை எழுதி நர்ஸ் அக்காகிட்ட கொண்டுபோய்க் குடுத்தது. இதுதான் வேலை.

செமஸ்டர் முடிவில் அவனுக்கு அட்டெண்டன்ஸ் 73 சதவீதம். 75 வேணும்.

எங்க கல்லூரியில் ஓடி உண்டு. ஆன் டியூட்டி. கிரிக்கெட் மேட்ச் ஆடப் போனா ஓடி. வேற கல்லூரி சிம்போசியத்தில் போய் மைம் பண்ணினா ஓடி. இவன் போய் நின்னப்போ துறைத் தலைவர் நல்ல மனுஷன், உட்கார வெச்சு முழுசாக் கேட்டார். கேட்டுட்டு ஒண்ணு சொன்னார்: "நல்ல காரியம்தான்ப்பா பண்ணியிருக்க. ஆனா இதுக்கு ஃபார்ம் இல்லையே."

இதுக்கு ஃபார்ம் இல்லையே. ஆறு வருஷம் ஆச்சு, அந்த வாக்கியம் என் காதை விட்டுப் போகல.

கடைசியில் காண்டனேஷன் ஃபீஸ் கட்டித்தான் பரீட்சை எழுதினான். அவங்க அம்மா எத்தனை நாள் கொழுந்து பறிச்ச கூலி அது! நான் கேட்டேன், "மறுபடி மழை வந்தா போவியாடா?" அவன் சொன்னான்: "போவேன் மச்சான். ஆனா காலேஜ்ல உண்மையைச் சொல்ல மாட்டேன். ஜுரம்னு மெடிக்கல் சர்டிபிகேட் போட்டுடுவேன்."

தம்பிகளே, யோசிச்சுப் பாருங்க. உயிரைக் காப்பாத்தப் போனேன்னு சொன்னா அபராதம், காய்ச்சல்னு பொய் சொன்னா மன்னிப்பு. இப்படி ஒரு பாடத்தையா ஒரு கல்லூரி சொல்லித்தரணும்? நான் இன்னைக்குப் பேச வந்த விஷயம் இதுதான். அவசரகால மீட்புப் பயிற்சி எடுக்கிற, அதில் சேவை செய்யிற மாணவனுக்குக் கல்லூரியில் கிரெடிட் வேணும். முறையான கிரெடிட். மார்க் ஷீட்டில் தெரியிற கிரெடிட்.

*இது ஏன் கூடலூருக்கு முக்கியம்?*

நம்ம ஊரோட வரைபடத்தைப் பாருங்க. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக நடுவட்டம் வழியா சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறணும். ஒரு மரம் சாஞ்சாப் போதும், அந்த வழி முடிஞ்சுது. மைசூர் பக்கம் போனா முதுமலைக் காடு. கீழே இறங்கினா நாடுகாணி வழியா நிலம்பூர், அதுவும் மலைப்பாதை. தேவாலாவும் பந்தலூரும் தென்மேற்குப் பருவமழையில் வானிலை அறிக்கையில் அடிக்கடி முதல் வரிசையில் வர்ற ஊர்கள். இதுக்கு நடுவுல யானை, சிறுத்தை, பாம்புக்கடி.

பெரிய மழைன்னா தேசியப் பேரிடர் மீட்புப் படை வரும். வர்றாங்க, உண்மை. ஆனா தமிழ்நாட்டில் அவங்க தளம் அரக்கோணத்தில். இங்கிருந்து ஐநூறு கிலோமீட்டருக்குப் பக்கம். முன்கூட்டியே சிவப்பு எச்சரிக்கை விட்டா ஊட்டிக்கு வந்து தயாரா நிப்பாங்க. எச்சரிக்கை இல்லாம நடுராத்திரி மண் சரிஞ்சா? 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல இறந்தாங்க. மாவட்ட நிர்வாகமே நீலகிரியில் 283 இடங்களை அபாய இடங்களாகக் கணக்கெடுத்து வெச்சிருக்கு. இந்த 283 இடத்திலும் ஒரு தீயணைப்பு வண்டியையும் ஒரு 108-ஐயும் நிறுத்த முடியுமா? எந்த அரசு வந்தாலும் முடியாது. முதல் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரன்தான் மீட்புப் படை.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயிற்சி இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

2024 ஜூலை 30. சோலாடி செக்போஸ்ட் தாண்டி, வடுவஞ்சால் தாண்டி, மேப்பாடி பக்கம் முண்டக்கை, சூரல்மலை. நம்ம சொந்தக்காரங்க இருக்கிற ஊர். நடுராத்திரி மலை இறங்கி வந்துச்சு. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பாலம் அடிச்சுட்டுப் போச்சு. ராணுவம் வந்து 190 அடி பெய்லி பாலம் கட்டி முடிச்சது ஆகஸ்ட் 1. அதுவரைக்கும் அந்தக் கரையில் சிக்கினவங்களுக்கு யார்?

நம்ம கூடலூர் செவிலியர் சபீனா அக்கா. ஆத்துக்கு மேல கட்டின ஜிப்லைன் கயித்துல தொங்கிக்கிட்டு, மருந்துப் பெட்டியோட அந்தக் கரைக்குப் போய், முப்பதுக்கும் மேற்பட்டவங்களுக்கு முதலுதவி செஞ்சாங்க. அந்த வருஷ சுதந்திர தின விழாவில் தமிழ்நாடு அரசு அவங்களுக்குக் கல்பனா சாவ்லா விருது குடுத்துச்சு. நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். நானும்தான் போஸ்டர் டிசைன் பண்ணினேன்.

ஆனா அந்தச் செய்தியில் நாம கவனிக்காத ஒண்ணு இருக்கு. அவங்க தைரியம் மட்டும் அந்தக் கரைக்குப் போகல, பயிற்சியும் சேர்ந்து போச்சு. தைரியம் மட்டும் இருந்து பயிற்சி இல்லாத ஆள் போயிருந்தா, காப்பாத்தப்பட வேண்டியவங்க எண்ணிக்கையில் இன்னொண்ணு கூடியிருக்கும். நம்ம பசங்ககிட்ட தைரியத்துக்குப் பஞ்சம் கிடையாது. பயிற்சிக்குத்தான் பஞ்சம்.

*பயிற்சி இல்லவே இல்லையா?*

இருக்கு. நியாயமாப் பேசணும்ல.

மத்திய அரசின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் 'ஆப்த மித்ரா'ன்னு ஒரு திட்டம் தொடங்குச்சு. பேரிடர் நண்பன்னு அர்த்தம். முதல்ல 30 மாவட்டத்தில் 6,000 பேருக்கு. அப்புறம் அதை 350 மாவட்டம், ஒரு லட்சம் தன்னார்வலர்னு பெருசாக்கினாங்க. 12 நாள் பயிற்சி. முதலுதவி, கயிறு கட்டுறது, வெள்ள மீட்பு, தீ அணைக்கிறது எல்லாம் உண்டு. அடையாள அட்டை, ஒரு கிட், காப்பீடு. நம்ம நீலகிரியிலும் இந்தப் பயிற்சி நடந்திருக்கு. 2025-ல் 'யுவ ஆப்த மித்ரா'ன்னு இளைஞர்களுக்குன்னே தனியா ஒண்ணு தொடங்கியிருக்காங்க. என்சிசி, என்எஸ்எஸ், சாரணர் இயக்கம் மாதிரி அமைப்புகளில் இருந்து 315 மாவட்டங்களில் 2.37 லட்சம் பேருக்குப் பயிற்சின்னு இலக்கு.

மாநில அரசு பக்கம், ஊர் ஊருக்கு முதல்நிலை மீட்பாளர்கள்னு பட்டியல் இருக்கு. 108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் இருந்து ஓடுது. விபத்தில் அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைன்னு 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு. அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போறவரை போலீஸ் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே இருக்கு.

அப்போ எங்கே இடிக்குது? பயிற்சி ஒரு பக்கம், கல்லூரி ஒரு பக்கம். ரெண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. 12 நாள் பயிற்சிக்குப் போனா 12 நாள் அட்டெண்டன்ஸ் போகும். இன்டர்னல் டெஸ்ட் போகும். சாயங்காலம் பார்ட் டைம் வேலை பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் சம்பளமும் போகும். அதனால யார் போறா? நேரம் இருக்கிறவன் போறான். எஸ்டேட் லைனில் இருந்து வர்ற முதல் தலைமுறைப் பட்டதாரி, உண்மையில் அந்த மலைச்சரிவில் குடியிருக்கிற பிள்ளை, போக முடியாம நிக்குது.

*கிரெடிட்னா என்ன, கணக்கு என்ன?*

முதலாம் ஆண்டுத் தம்பிகளுக்காக ஒரு நிமிஷம். டிகிரின்னா இத்தனை கிரெடிட் எடுக்கணும்னு ஒரு கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் மூணு, நாலுன்னு கிரெடிட். எடுத்து முடிச்சாத்தான் பட்டம்.

2023 ஏப்ரலில் தேசியக் கிரெடிட் கட்டமைப்புன்னு ஒண்ணு வெளியிட்டாங்க. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், ஒரு வருஷத்துக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். வகுப்பறைக்கு வெளியே செய்யிற சமூக சேவை, என்சிசி, விளையாட்டு, வேலை அனுபவம், இதெல்லாமும் கணக்கில் வரலாம்னு அதிலேயே எழுதியிருக்கு.

இப்போ கணக்குப் போடலாம். ஆப்த மித்ரா பயிற்சி 12 நாள். நாளுக்கு 8 மணி நேரம்னு வெச்சா 96 மணி நேரம். முப்பதால் வகுத்தா மூணு கிரெடிட் வருது. ஒரு முழுப் பாடத்துக்குச் சமம். என்எஸ்எஸ் மாணவன் ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்யணும்னு விதி. 240-ஐ முப்பதால் வகுங்க. எட்டு. ஆனா நம்ம கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஐந்து, விரிவாக்கப் பணின்னு போட்டு, கைக்கு வர்றது ஒண்ணோ ரெண்டோதான். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. வெள்ளத்தில் இறங்கினவனுக்கும், வளாகத்தில் ஒரு நாள் குப்பை பொறுக்கி செல்ஃபி எடுத்தவனுக்கும் ஒரே கிரெடிட்.

இது முடியாத காரியம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முன்னுதாரணம் இருக்கு. 2021-ல் யுஜிசி, என்சிசியை விருப்பப் பாடமா வைக்கச் சொல்லி எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதுச்சு. ஆறு செமஸ்டர், 24 கிரெடிட்னு பாடத்திட்டம். 'நான் முதல்வன்' திறன் பாடங்கள் நம்ம கல்லூரிகளில் இப்போ கிரெடிட்டோடவே வருது. எல்லை தாண்டினா கேரளாவில் என்எஸ்எஸ், என்சிசி பிள்ளைகளுக்கு கிரேஸ் மார்க் குடுக்கிறது பழைய பழக்கம். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் அங்கே சமூக சன்னத்த சேனைன்னு தன்னார்வலர் படையே அமைச்சாங்க. அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் பணியாளருக்கான இஎம்டி பயிற்சியைப் பல கல்லூரிகளில் கிரெடிட் உள்ள பாடமாவே எடுக்கலாம். ஜெர்மனியில் தீயணைப்புப் பணியை பெரும்பாலும் தூக்கிச் சுமக்கிறது ஏறத்தாழ பத்து லட்சம் தன்னார்வலர்கள்.

இன்னொண்ணு, நான் படிச்ச அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருந்தே சொல்றேன். 2021 ஒழுங்குமுறையில் என்சிசிக்குக் கிரெடிட் பாடம் போட்டாங்க. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: மதிப்பெண் பட்டியலில் பதிவாகும், சிஜிபிஏ கணக்கில் சேராது. அதாவது சாப்பாட்டுக்கு உட்கார வெச்சுட்டு இலை மட்டும் போடுற மாதிரி. நாம கேட்கிறது அது இல்லை. டிகிரிக்குத் தேவையான மொத்தக் கிரெடிட்டில் இது சேரணும். ஒரு விருப்பப் பாடத்துக்குப் பதிலா இதை எடுக்க முடியணும். இல்லைன்னா அது கிரெடிட் இல்லை, பாராட்டுப் பத்திரம்.

தேசியக் கல்விக் கொள்கை மேல ஆயிரம் விவாதம் இருக்கு. அதுக்குள்ள நான் இப்போ போகல. இந்தக் கோரிக்கைக்கு எந்தக் கொள்கையையும் ஏத்துக்கணும்னோ எதிர்க்கணும்னோ அவசியமே இல்லை. நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் பகுதி நான்கு, பகுதி ஐந்துன்னு இடம் ஏற்கெனவே இருக்கு. அந்த இடத்தை உருப்படியா நிரப்பச் சொல்றோம், அவ்வளவுதான்.

*எதிர்க் கேள்விகள்*

இந்த விஷயத்தைச் சொன்னப்போ பெரியவங்க சிலபேர் கேட்ட கேள்விகளைச் சொல்றேன். எல்லாம் நியாயமான கேள்விதான்.

ஒண்ணு: "சேவைக்குக் கூலி கேட்கலாமா? கிரெடிட் குடுத்தா சேவை மனசு போயிடாதா?" ஐயா, செவிலியருக்குச் சம்பளம் குடுக்கிறோம், அவங்க மனசு போயிடுச்சா? கிரெடிட் கூலி இல்லை. அவன் கத்துக்கிட்டதுக்கு அத்தாட்சி. நெஞ்சு நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இது சிபிஆர். இதைச் சரியாச் செய்யத் தெரிஞ்சவன் கத்துக்கிட்டது, நான் மூணாவது செமஸ்டரில் மனப்பாடம் பண்ணி மறந்துபோன பாடத்தைவிடக் குறைவா?

ரெண்டு: "போலி சர்டிபிகேட் போடுவாங்களே?" போடுவாங்க. தடுக்கலைன்னா கண்டிப்பாப் போடுவாங்க. அதனாலதான் வருகைப் பதிவைப் பார்த்துக் கிரெடிட் குடுக்க வேண்டாம்னு சொல்றேன். செஞ்சு காட்டணும். பொம்மையில் ரெண்டு நிமிஷம் விடாம சிபிஆர், ஒரு எலும்பு முறிவுக் கட்டு, நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்ட்ரெச்சரைச் சரிவில் இறக்குறது. தேர்வு எடுக்கிறது கல்லூரி ஆசிரியர் இல்லை, தீயணைப்பு நிலையமோ அரசு மருத்துவமனையோ. செஞ்சு காட்டலைன்னா கிரெடிட் இல்லை.

மூணாவது கேள்விதான் என்னைத் தூங்க விடாம பண்ணுச்சு. எங்க வார்டுல ஒரு அம்மா கேட்டாங்க: "கிரெடிட் கிடைக்குதுன்னு என் பிள்ளை போய் மண்ணுக்குள்ள சிக்கினா யார் பொறுப்பு?"

இதுக்கு நேர்மையான பதில் வேணும். நாம இப்போ கேட்கிற மாதிரி அப்படியே கேட்டா, ஆபத்து இருக்கு. எத்தனை மீட்புக்குப் போனே, அத்தனை கிரெடிட்னு வெச்சா, பிள்ளைங்க ஆபத்தைத் தேடி ஓடும். அதனால சேவை மணி நேரம்னா ஆபத்தில் இறங்கின நேரம்னு அர்த்தம் இருக்கவே கூடாது. தயாரா இருக்கிறதுக்குத்தான் கிரெடிட். ஜூன் வர்றதுக்கு முன்னாடி அபாய இடங்களில் எந்த வீட்டில் படுத்த படுக்கையா இருக்கிறவங்க, எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ்னு பட்டியல் எடுக்கிறது. ஓடை அடைப்பை எடுக்கிறது. முகாமில் இரவு ட்யூட்டி. மழைமானியைப் படிச்சுப் பதிவு பண்ணி தாலுகா ஆபீஸுக்கு அனுப்புறது. பாம்பு கடிச்சா கட்டுப் போட்டு இறுக்காதே, கீறாதே, ஆட்டாம அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு ஒவ்வொரு லைனிலும் போய்ச் சொல்றது. தமிழ், மலையாளம், கன்னடம், பணியர் மொழின்னு நாலு பாஷை பேசுற ஊர் இது. பயந்துபோன பாட்டி என்ன சொல்றாங்கன்னு டாக்டருக்கு எடுத்துச் சொல்றதும் மீட்புப் பணிதான். சரிஞ்ச மண்ணுக்குள்ள இறங்குறது சீருடைப் படையோட வேலை. மாணவன் அங்கே போகக் கூடாதுன்னு விதியில் எழுதணும். காப்பீடு இல்லாம ஒரு பிள்ளையும் களத்துக்குப் போகக் கூடாது.

அந்த அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "இப்பவும் அவன் போய்க்கிட்டுத்தான் இருக்கான் தம்பி, பயிற்சி இல்லாமயே. அதுக்கு இது பரவாயில்லை"ன்னாங்க. அதுதான் முழு வாதமும். நான் அரை மணி நேரமாப் பேசுறதை அவங்க ஒரு வரியில் சொல்லிட்டாங்க.

*நாம என்ன கேட்கிறோம்?*

தெளிவா அஞ்சு கோரிக்கை.

1. நாலு கிரெடிட் உள்ள விருப்பப் பாடம். ரெண்டு கிரெடிட் பயிற்சிக்கு, 60 மணி நேரம். ரெண்டு கிரெடிட் சேவைக்கு, 60 மணி நேரம், ரெண்டு செமஸ்டரில் பிரிச்சு. பட்டத்துக்கான மொத்தக் கணக்கில் இது சேரணும்.

2. பேரிடர் அறிவிக்கப்பட்ட நாட்களில் பதிவு செஞ்ச மாணவத் தன்னார்வலருக்கு ஓடி. தாசில்தார் அலுவலகக் கடிதம் போதும். தவறின இன்டர்னல் டெஸ்டுக்கு மறுவாய்ப்பு. அந்த ஃபார்ம், என் நண்பனுக்கு அன்னைக்கு இல்லாத அந்த ஃபார்ம், இனி இருக்கணும்.

3. ஏற்கெனவே ஆப்த மித்ரா, 108, செஞ்சிலுவை மாதிரி இடங்களில் முறையான பயிற்சி முடிச்சவங்களுக்கு, திறன் தேர்வு மட்டும் வெச்சுக் கிரெடிட். மறுபடி முதல்ல இருந்து உட்கார வைக்கக் கூடாது. காட்டு வழியும் யானைத் தடமும் அத்துப்படியான பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர் நம்ம கல்லூரியில் படிக்கிறாங்க. அவங்க அறிவையும் அறிவுன்னு மதிக்கிற தேர்வா அது இருக்கணும்.

4. தங்கைகளுக்குச் சம இடம். முகாமில் பாதிப் பேர் பெண்கள், குழந்தைகள். பெண் தன்னார்வலர் இல்லாம அங்கே பாதி வேலை நடக்காது. விடுதி நேரக் கட்டுப்பாடுன்னு சொல்லி அவங்களை ஒதுக்கக் கூடாது. பாதுகாப்பான வண்டியும் பொறுப்பாசிரியரும் ஏற்பாடு பண்ணணும்.

5. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்புப் பயிற்சி. சிபிஆர் சைக்கிள் ஓட்டுற மாதிரி இல்லை, தொடர்ந்து பழகலைன்னா கை மறந்துடும்.

இதை யார்கிட்ட கேட்கணும்? கூடலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி முதல்வரைப் போய் முற்றுகை போடுறதில் அர்த்தமில்லை. இணைப்புக் கல்லூரிக்குப் பாடத்திட்டத்தை மாத்துற அதிகாரம் கிடையாது. அது பாரதியார் பல்கலைக்கழகத்தோட கல்விக் குழு கையில் இருக்கு. மாநிலம் முழுக்க வரணும்னா தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், உயர்கல்வித் துறை. தன்னாட்சிக் கல்லூரிகள் நினைச்சா அடுத்த வருஷமே தாங்களாத் தொடங்கலாம். முதல்ல நீலகிரி மாவட்டக் கல்லூரிகளில் மட்டும் சோதனையாத் தொடங்கட்டும். இங்கே ஜெயிச்சா கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் தானாப் போகும்.

*கடைசியா, நம்ம ஆட்களுக்கு*

நிர்வாகிகள் கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நம்பி ஒண்ணு சொல்றேன். இந்தத் திட்டத்தில் நம்ம கட்சிப் பெயர் எங்கேயும் வரக் கூடாது. கொடி வேண்டாம், பனியன் வேண்டாம். வெள்ளம் வந்தா எல்லாக் கட்சியும் நிவாரணப் பையில் படம் ஒட்டுது. அதை டிசைன் பண்ணிக் குடுக்கிறவனே நான்தான், அதனால எனக்குச் சொல்ல உரிமை இருக்கு. மீட்புப் பயிற்சிப் பட்டியலில் எந்தக் கட்சிப் பிள்ளைன்னு கேள்வி வந்த நாளே அது செத்துப்போயிடும். மண்ணுக்கு அடியில் இருக்கிறவன் தூக்க வந்தவனோட கொடியைக் கேட்க மாட்டான்.

தம்பி தங்கைகளே, கிரெடிட் வர்றப்போ வரட்டும். அதுக்கு முன்னாடி இந்த வாரமே செய்யக்கூடியது மூணு. உங்க வகுப்பில் யார் யார் ஏற்கெனவே பயிற்சி எடுத்திருக்காங்கன்னு ஒரு பட்டியல் எடுங்க. உங்க லைனில், உங்க தெருவில் மழை நேரத்தில் தானா நடக்க முடியாதவங்க எத்தனை பேர்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. தீயணைப்பு நிலையத்துக்குப் போய், சிபிஆர் கத்துக்குடுங்கண்ணேன்னு கேளுங்க. பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. கோரிக்கை மனுவுக்கு வெளியே மேசை போட்டிருக்கு. கையெழுத்துப் போடும்போது கல்லூரி, துறை, எந்த ஊர்னு தெளிவா எழுதுங்க. பல்கலைக்கழகத்தில் குடுக்கும்போது 'மாணவர்கள் கேட்கிறார்கள்'னு போகணும், 'கட்சி கேட்குது'ன்னு போகக் கூடாது.

என் நண்பன் இப்போ பெங்களூரில் வேலை பார்க்கிறான். இந்தப் பேச்சைப் பத்தி நேத்து ராத்திரி போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்தான். அப்புறம் கேட்டான்: "ஃபார்ம்ல என்னென்ன காலம் வைப்பீங்க மச்சான்?"

பெயர், பதிவு எண், துறை, சேவை செய்த இடம், நாட்கள். அவ்வளவுதான்டா. அஞ்சே காலம் உள்ள ஒரு காகிதம்.

அந்தக் காகிதத்தை அடுத்த ஜூன் மழைக்கு முன்னாடி வாங்கிடுவோம்.



#மீட்புப்_பயிற்சிக்குக்_கிரெடிட் #கூடலூர் #நீலகிரி